கடல் கடந்து வரும் சகோதரிகள் எதற்காக வருகிறார்கள்?



உங்கள் காணிக்கையால் நடைபெறும் பணிகளைப் பற்றி இம்மடலில் எழுதி வருகிறோம். இம்முறை உங்களில் பலருடைய மனதில் எழும் கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்ல விரும்புகிறோம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் உள்ள கன்னியர் இல்லங்களுக்கு அவ்வப்போது வெளிநாட்டிலிருந்து அருட்சகோதரிகள் வருகிறார்கள். சபையின் தலைமை அன்னையோ அவருடைய ஆலோசகர்களோ வருவார்கள். சில சமயம் அதே சபையின் வேறொரு நாட்டுப் பள்ளியில் பணியாற்றும் சகோதரிகள் வருவார்கள். அதேபோல் நம் ஊர்ச் சகோதரிகளும் ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள தங்கள் சபை இல்லங்களைப் பார்த்து வரச் செல்கிறார்கள். விமானக் கட்டணம், விசாச் செலவு, வழிச்செலவு என்று பெருந்தொகை ஆகிறது. அந்தப் பணத்தில் நான்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாமே? கடிதமும் தொலைபேசியும் இருக்கின்றன. இப்பொழுது முகம் பார்த்துப் பேசும் வசதியும் கைபேசியிலேயே வந்துவிட்டது. நேரில்தான் வரவேண்டுமா?

இது நியாயமான கேள்வி. கையிலிருக்கும் சிறு தொகையை எடுத்து ஆண்டவருக்கென்று கொடுப்பவர்கள் இதைக் கேட்க உரிமையுள்ளவர்கள்.

சந்திப்பு ஒரு கடமை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இச்சந்திப்பு சுற்றுலா அன்று. 1983-ம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 628-வது சட்டம் இதைக் கடமையாகவே விதித்துள்ளது. ஒரு துறவற சபையின் சட்டங்களில் இதற்கென நியமிக்கப்பட்ட தலைவர்கள், குறிக்கப்பட்ட காலங்களில், தங்கள் பொறுப்பிலுள்ள இல்லங்களையும் அங்கு வாழ்வோரையும் சென்று காணவேண்டும். மறைமாவட்ட அளவிலான சபைகளின் இல்லங்களைக் காணும் உரிமையும் கடமையும் ஆயருக்கு உண்டு.

அச்சட்டத்தின் இறுதிப் பகுதி நம் கவனத்துக்குரியது. வருபவர் கேட்கும் கேள்விகளுக்கு இல்லத்தினர் நம்பிக்கையோடும், அன்போடு கூடிய உண்மையோடும் பதில் சொல்லவேண்டும். அப்படிச் சொல்வதிலிருந்து அவர்களைத் தடுக்கவோ, சந்திப்பின் நோக்கத்தைக் குலைக்கவோ எவருக்கும் அனுமதி இல்லை. இல்லத் தலைவிக்கும் இது பொருந்தும். இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஒரு சகோதரி தன் மனச்சாட்சியின் உள்நிலையைத் திறந்து காட்டவேண்டும் என்று எந்தத் தலைவியும் வற்புறுத்தக் கூடாது என்று 630-வது சட்டம் கூறுகிறது. இல்லத்தில் நடப்பதைக் கேட்கலாம். ஆன்மாவைக் கட்டாயப்படுத்தித் திறக்கக் கூடாது.

இவ்வழக்கத்தின் வேர் விவிலியத்திலேயே இருக்கிறது. தாம் நற்செய்தி அறிவித்த ஊர்களிலுள்ள சகோதரர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று மீண்டும் போய்ப் பார்க்கவேண்டும் எனப் பவுல் பர்னபாவிடம் சொன்னதைத் திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். அத்தனை மடல்கள் எழுதிய பவுலுக்கே மடல் மட்டும் போதவில்லை.

கண்ணால் கண்டதால் விளைந்தவை

நம் பகுதி இன்று கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. இம்மறைமாவட்டம் 1899-ம் ஆண்டில் புதுச்சேரி உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. எனவே நம் முன்னோர் காலத்து வரலாற்றைத் தேடினால் புதுச்சேரிக்குத்தான் செல்லவேண்டும்.

குளூனி நகர் புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1827-ம் ஆண்டிலேயே பிரான்சிலிருந்து புதுச்சேரிக்கு வந்துவிட்டனர். 1844-ல் புதுச்சேரியில் மறைமாநில மாமன்றம் கூடிக் கல்விப் பணியை வலியுறுத்தியது. அதே ஆண்டில் பிரெஞ்சுக் குருவான தூப்புயி அடிகளார், தமிழ்ப் பெண்பிள்ளைகளின் கல்விக்கென மரியாயின் மாசற்ற இருதயத்தின் பெயரால் உள்நாட்டுக் கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது.

குளூனி சபையைத் தொடங்கிய அன்னை அன்ன மரியா ஜவூகே, தம் கன்னியரைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடவில்லை. 1822-ல் தாமே கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குச் சென்றார். அங்கிருந்து காம்பியாவுக்கும் சியரா லியோனுக்கும் போனார். அங்கே தம் சகோதரிகளின் நிலையைக் கண்டார், நோயுற்றோரிடையே பணிபுரிந்தார். ஆப்பிரிக்க மக்களுக்கு அவர்கள் மண்ணிலிருந்தே குருக்கள் எழவேண்டும் என்பதையும் உணர்ந்தார். அவரது முயற்சியால் பிரான்சில் கல்வி பெற்ற மூன்று செனகல் இளைஞர்கள் 1840-ல் குருப்பட்டம் பெற்றனர். பாரீசில் அமர்ந்து அறிக்கைகளை மட்டும் படித்திருந்தால் அந்த எண்ணம் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு அன்னை பாடுகளின் மரியாள். எலேன் தெ ஷப்போத்தேன் என்ற இயற்பெயர் கொண்ட இப்பிரெஞ்சுப் பெண்மணி, சூயஸ் கால்வாய் திறக்கப்படுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1865-ல், மதுரை மறைத்தளத்துக்கு வந்தார். 1867-ல் அங்கிருந்த தம் சபையின் மூன்று இல்லங்களுக்கும் தலைவியானார். பின்னர் கருத்து வேறுபாடுகள் முற்றி, 1876-ல் அவர் உட்பட இருபது சகோதரிகள் அச்சபையிலிருந்து விலகி உதகமண்டலத்தில் கூடினர். அவர் உரோமைக்கு நேரில் சென்று தம் நிலையை எடுத்துரைத்தார். 1877 சனவரி 6-ந் தேதி திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் புதிய சபைக்கு அனுமதி அளித்தார். இன்று பல நாடுகளில் பணிபுரியும் மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை நம் நீலகிரியில் பிறந்தது இவ்வாறுதான். சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை 1947-ல் தொடங்கியவர்கள் இவர்களே. அன்னை அவர்கள் 2002-ல் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

மருத்துவப் பணிக்கும் இதே பாடம்

மருத்துவமனையை ஆதரிக்கும் உங்களுக்கு அடுத்த செய்தி சிறப்பாகப் பயன்படும். இன்று சகோதரி ஒருவர் பிரசவம் பார்ப்பதும், அறுவை சிகிச்சை செய்வதும் நமக்கு வியப்பில்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் கன்னியர்கள் மருத்துவத் தொழில் செய்யவும் பேறுகாலப் பணியில் ஈடுபடவும் திருச்சபையின் விதிகள் இடங்கொடுக்கவில்லை. அக்காலத்தில் வட இந்தியாவில் கோஷாப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்லமாட்டார்கள். பெண் மருத்துவரோ மிக அரிது. தாய்மார் பலர் சிகிச்சையின்றியே இறந்தனர்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டாக்டர் ஆக்னஸ் மெக்லாரன் அம்மையார், எழுபது வயதைக் கடந்த பிறகு இந்தியாவுக்கு வந்து இந்நிலையை நேரில் கண்டார். இன்று பாகிஸ்தானில் உள்ள இராவல்பிண்டியில் பெண்களுக்கென மருத்துவமனை ஏற்படக் காரணமாயிருந்தார். விதியைத் தளர்த்தும்படி உரோமைக்குப் பலமுறை சென்று மன்றாடினார். 1913-ல் அவர் இறந்தபோது விதி மாறியிருக்கவில்லை. ஆனால் அவர் வாழ்வைப் பற்றி வாசித்த ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி 1920-ல் குண்டூருக்கு வந்து, கன்னியர் சபையில் சேர்ந்து, தனி அனுமதி பெற்று நோயாளிகளைக் கவனித்தார். அவர் முயற்சியால் 1943-ல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கம் உருவானது. இதற்கிடையில், 1936-ல், மறைபரப்பு நாடுகளிலுள்ள கன்னியர் பேறுகால மருத்துவம் உள்ளிட்ட பணிகளில் பயிற்சி பெறலாம் என்று உரோமை அறிவுறுத்தியது. ஒரு மூதாட்டி வந்து கண்ட காட்சி, பல ஆண்டுகள் கழிந்தாலும், ஒரு விதியை மாற்ற உதவியது. இன்று பேறுகால வார்டில் ஒரு சகோதரி மருத்துவர் நிற்கிறார் என்றால் அந்தப் பயணத்துக்கும் அதில் பங்குண்டு.

நம் மாவட்டங்களுக்கு வருபவர் எதைப் பார்க்க வேண்டும்?

பெரம்பலூர் 1995-ல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2007 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது. வானம் பார்த்த பூமி. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 80 பேர்; பெரம்பலூரில் 74 பேர்; அரியலூரில் 71 பேர். பெண்களிடையே இது இன்னும் குறைவு. கன்னியர் இல்லங்கள் இங்கு பெண்பிள்ளைகளின் பள்ளிகளையும் விடுதிகளையும் ஏன் விடாமல் நடத்துகின்றன என்பதற்கு இவ்வெண்களே பதில்.

வெளிநாட்டிலிருந்து வரும் சகோதரிக்கு நம் பள்ளி முறையே முதலில் புதிராக இருக்கும். அரசு உதவி பெறும் பள்ளியில், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. மதிய உணவும் அரசினுடையது. கிராமப்புற உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டமும் 2024 சூலையில் விரிவுபடுத்தப்பட்டது. அப்படியானால் நன்கொடை எதற்கு என்று அவர் கேட்பார். கட்டிடத்தைப் பழுதுபார்ப்பது, கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் போன்றவை நிர்வாகத்தின் தலையில்தான் விழுகின்றன. மாணவர் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் உபரியாகிவிடும். பள்ளிப் பதிவேட்டையும் ஒழுகும் கூரையையும் ஒரே நாளில் பார்ப்பவருக்கு இது விளங்கும். பத்துப் பக்கக் கடிதம் படிப்பவருக்கு விளங்குவது கடினம்.

மருந்தகங்களைப் பற்றியும் இப்படியே கேட்கவேண்டும். சகோதரிகள் கிராமத்தில் மருந்தகம் திறந்த காலத்தில் பல மைல் தொலைவுக்கு மருத்துவர் இல்லாதிருந்திருக்கலாம். இன்று ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளன. அரியலூரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. அந்த மருந்தகம் இன்றும் அதே வேலையைச் செய்யவேண்டுமா? அல்லது படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியோரை வீடு தேடிச் சென்று பார்க்கும் பணியாக அது மாறவேண்டுமா? உள்ளூரில் இருப்பவர்களுக்குப் பழகிய பணியை மாற்ற மனம் வராது. வெளியிலிருந்து அன்போடு வருபவர் அக்கேள்வியைக் கேட்கமுடியும்.

சந்திப்பில் நடப்பது என்ன?

வருகையைக் குறித்து முன்கூட்டியே கடிதம் வரும். வருபவர் இல்லத்திலுள்ள ஒவ்வொரு சகோதரியையும் தனித்தனியே சந்திப்பார். சமையற்கட்டில் உழைக்கும் சகோதரிக்கும் தலைமையாசிரியைக்கும் ஒரே மதிப்பு. வரவு செலவுப் புத்தகங்களைப் பார்ப்பார். நோயுற்றவர்களோடும் வயோதிகச் சகோதரிகளோடும் நேரம் செலவிடுவார். பங்குத் தந்தையையும் ஆயரையும் காண்பார். இறுதியில் எல்லோரையும் கூட்டித் தாம் கண்டதைச் சொல்லி, எழுத்திலும் கொடுத்துச் செல்வார்.

பிள்ளைகள் தங்கும் இடங்களில் இன்னொரு கடமையும் சேர்ந்துள்ளது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். 2019-ல் திருத்தந்தை பிரான்சிசும் குருக்களும் துறவிகளும் இவற்றைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிக்கவேண்டும் என்று ஆணையிட்டார். ஆகவே விடுதிப் பிள்ளை தன் குறையை யாரிடம் சொல்லும், சொன்னால் யார் கேட்பார்கள் என்று விசாரிப்பது இன்று சந்திப்பின் தவிர்க்கமுடியாத பகுதி.

மொழி ஒரு தடை. அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்துக்கு இவ்விருந்தினர்களை அழைத்துச் செல்வது வழக்கம். அங்கே வாழ்ந்த இத்தாலியரான வீரமாமுனிவர் தமிழைக் கற்று, 1732-ல் சதுரகராதி தொகுக்கும் அளவுக்குத் தேர்ந்தார். இரு வாரம் தங்குபவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. மொழிபெயர்ப்பவரை நம்பியே அவர் கேட்கிறார். தலைவியே மொழிபெயர்ப்பாளராக இருந்தால் இளைய சகோதரி மனம் திறப்பாரா? நல்ல தலைவிகள் அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் விட்டு விலகி நிற்பார்கள்.

நம் வரவேற்பில் உள்ள ஆபத்து

நம் மக்கள் விருந்தோம்பலில் குறை வைப்பதில்லை. வாழைமரமும் தோரணமும் கட்டுவோம், பேண்டு வாசிப்போம், சால்வை போர்த்துவோம், பிள்ளைகள் கும்மியடிப்பார்கள். இது அன்பின் அடையாளம். ஆனால் வந்தவரின் இரண்டு நாட்களும் மேடையிலேயே கழிந்துவிட்டால் அவர் கண்டது என்ன? புதிதாய்ச் சுண்ணாம்படித்த சுவரையும், புதுச் சட்டை போட்ட பிள்ளைகளையும் கண்டார். மறுபுறம், வருபவரும் ஏழைப் பிள்ளைகளை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு, மேடையிலேயே வாக்குறுதி கொடுத்துச் சென்றால் பின்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

வரவேற்பு ஒரு மணி நேரத்தில் முடியட்டும். அடுத்த நாள் காலை மணியடிக்கும் முன்பே அவர் மீண்டும் வந்து, பிள்ளைகள் எங்கிருந்து எப்படி நடந்து வருகிறார்கள் என்று பார்க்கட்டும். சமையலறையையும் கழிப்பறையையும் காட்டச் சொல்லட்டும். கன்னி மரியா எலிசபெத்தம்மாளைக் காண மலைநாட்டுக்கு விரைந்து சென்றபோது, வாழ்த்துப் பெற்றுக்கொண்டு உடனே திரும்பிவிடவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். மே 31-ந் தேதி நாம் கொண்டாடும் அந்தச் சந்திப்பே எல்லாச் சந்திப்புக்கும் முன்மாதிரி.

உங்கள் காணிக்கையும் இச்சந்திப்பும்

இன்ன நோக்கத்துக்கு என்று விசுவாசிகள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தவேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1267 கூறுகிறது. விடுதிக் கிணற்றுக்கென்று கொடுத்தது கிணற்றுக்கே சேரவேண்டும். அது சேர்ந்ததா என்று நேரில் பார்ப்பது சந்திப்பவரின் கடமைகளில் ஒன்று.

நாட்டுச் சட்டமும் கண்டிப்பானது. வெளிநாட்டு நன்கொடைகளை முறைப்படுத்தும் 2010-ம் ஆண்டுச் சட்டம் 2020-ல் திருத்தப்பட்டது. இத்தொகையைப் புதுடெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் பெறவேண்டும். நூற்றுக்கு 20-க்கு மேல் நிர்வாகச் செலவுக்கு எடுக்கக் கூடாது. பெற்றதை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. எனவே, வரும் சகோதரி கைப்பையில் பணம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார் என்று எவரும் எண்ணவேண்டாம். அவர் கொண்டுவருவது கண்ணும் காதும்தான்.

திசை மாறிய பயணம்

முன்பு வெள்ளைக்காரச் சகோதரிகள் இங்கு வந்தார்கள், நாம் பெற்றுக்கொண்டோம். இன்று அந்நிலை மாறிவிட்டது. உலகில் கன்னியரின் எண்ணிக்கை 1970-ல் பத்து லட்சத்துக்கு மேல் இருந்தது. 2022 முடிவில் ஆறு லட்சத்துக்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. ஐரோப்பாவில் பல தாய் இல்லங்களில் மீந்திருப்போர் முதியவர்கள். அவர்களைப் பேணவும், ஆப்பிரிக்காவில் புதிய பள்ளிகளைத் தொடங்கவும் இந்தியச் சகோதரிகள் செல்கிறார்கள். தமிழ்க் கிராமங்களில் பிறந்தவர்களும் அவர்களில் உண்டு.

அவர்களைக் காண யார் செல்வது? இத்தாலியிலோ ஜெர்மனியிலோ, மொழி முழுதும் வசப்படாத ஊரில், பனிக்காலத்தில், முதியோரைத் தூக்கிக் கிடத்தும் பணி செய்யும் இருபத்தெட்டு வயதுச் சகோதரியை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தொலைபேசினால் நலமாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார். பெற்றவர்களைக் கலங்கவைக்க எந்த மகள் விரும்புவாள்? அவர் மெலிந்திருக்கிறாரா, தூங்குகிறாரா, செபிக்க நேரம் கிடைக்கிறதா, வேலைக்கு மட்டும் வந்தவராக நடத்தப்படுகிறாரா, சகோதரியாக நடத்தப்படுகிறாரா? எதிரே அமர்ந்து தமிழில் கேட்பவருக்குத்தான் பதில் கிடைக்கும். அந்தப் பயணச் செலவை வீண் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

சில சந்திப்புகள் துயரமானவை. ஓர் இல்லத்தை மூடும் அதிகாரம், ஆயரைக் கலந்த பிறகு, சபையின் தலைமை அன்னைக்கு உண்டு என்று 616-வது சட்டம் சொல்கிறது. நூறாண்டு வாழ்ந்த வீட்டின் சிற்றாலயத்தில் நற்கருணை விளக்கை அணைப்பதற்கு முன், அங்கு மீந்திருக்கும் நான்கு மூதாட்டிகளின் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டாமா? கடிதத்தில் முடிக்கக்கூடிய காரியமா அது?

எனவே அன்பர்களே, உங்கள் பங்கிலோ பள்ளியிலோ வெளிநாட்டுச் சகோதரிகள் வந்தால் மாலையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் உண்மை நிலையைச் சொல்லுங்கள். நன்மையைச் சொல்லுங்கள், குறையையும் மரியாதையோடு சொல்லுங்கள். அவர்கள் திரும்பிச் சென்றபின் என்ன மாறியது என்று ஓராண்டு கழித்து எங்களையும் கேளுங்கள். பயணம் பயனுள்ளதா என்பதற்கு அதுவே அளவுகோல். ஒன்றுமே மாறவில்லையென்றால் நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

உங்கள் ஊரிலிருந்து கடல் கடந்து சென்ற சகோதரி எவரேனும் இருந்தால் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவரது பெற்றோரைப் போய்ப் பார்த்து, அவர்கள் நலத்தை அதில் குறிப்பிடுங்கள். அதுவும் ஒரு சந்திப்புத்தான்.